பெருமுக்கல் மலையில் இருட்டால் ஆன ஈமு

எனக்கு வாய் நீளம். அதனால் பெருமுக்கல் மலையில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொல்லாமல் இந்தப் பயணத்தை எழுத முடியாது.

ஜோலின் ஆஸ்திரேலியப் பூர்வகுடியைச் சேர்ந்த வானியலாளர். தன் மக்களின் வான அறிவை ஊர் ஊராகப் போய்ச் சொல்பவர். போன ஜூன் அமாவாசையன்று திண்டிவனத்து ஆசிரிய நண்பர்கள் அவரை அழைத்திருந்தார்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றதும் முந்திரிக்கொட்டை மாதிரி நான் கை தூக்கினேன்.

கிளாம்பாக்கத்தில் மதியம் 1.30க்கு பஸ். திண்டிவனம் வர இரண்டு மணி நேரம். அங்கிருந்து மரக்காணம் சாலையில் சுமார் 15 கிலோமீட்டர். போய், காத்திருந்து, திரும்பக் கொண்டுவிட ஆட்டோவுக்கு 800 ரூபாய். ஐந்தரைக்கு ஏறத் தொடங்கி, நின்று நின்று முக்கால் மணி நேரத்தில் உச்சிக்குப் போனேன். ஜோலினும் ஊர்க்காரர்கள் இருபது பேரும் கூட வந்தார்கள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்துவிட்டு நேராக வந்த அஞ்சலை அக்கா, எனக்கு முன்பே ஏறிப் பாறையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

எட்டு மணிக்கு நன்றாக இருட்டியது. ஜோலின் தெற்கே கை காட்டி, "நட்சத்திரங்களை விடுங்கள். நடுவில் இருக்கும் இருட்டைப் பாருங்கள். அங்கே ஓர் ஈமு இருக்கிறது" என்றார்.

"பணம் போட்டு ஏமாந்தாங்களே, அந்தக் கோழியா சார்?" என்று அஞ்சலை கேட்டார். இங்கே நடந்த ஈமு பண்ணை மோசடியை விளக்கிச் சொன்னதும் ஜோலினும் விழுந்து விழுந்து சிரித்தார்.

பத்து நிமிடம் ஒன்றும் புலப்படவில்லை. புதுச்சேரி வெளிச்சம் அடிவானத்தை வெளுக்க வைத்திருந்தது. பிறகு தென்சிலுவை நட்சத்திரக் கூட்டத்துக்குப் பக்கத்தில் கரிய தலை தெரிந்தது. அங்கிருந்து கழுத்து நீண்டது. பால்வீதிக்குள் பெரிய உடம்பு. அம்மாடி, எவ்வளவு பெரிசு! நாற்பது வருடமாக அண்ணாந்து பார்க்கிறேன், வெளிச்சத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அது ஓடுவதுபோல் தெரிகிறதா, உட்கார்ந்திருப்பதுபோல் தெரிகிறதா என்று பார்த்தே ஈமு முட்டையிடும் பருவத்தைத் தன் மக்கள் அறிந்தார்கள் என்றார் ஜோலின். அதைப் பற்றி ஒரு கதையும் தொடங்கினார். பாதியில் நிறுத்தி, "இதற்கு மேல் சொல்ல எங்கள் பெரியவர்கள் எனக்கு அனுமதி தரவில்லை" என்றார்.

எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். மீதிக் கதையை நான் இணையத்தில் படித்திருந்தேன். அனுமதி பற்றிய வரியை விழுங்கிவிட்டு, முடிவையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். கைதட்டல் விழுந்தது.

"நான் ஒரே வரிதான் சொன்னேன். நீங்கள் இவ்வளவு நேரம் என்ன சொன்னீர்கள்?" என்று ஜோலின் கேட்டார். ஒப்புக்கொண்டேன். அவர் குரல் இறங்கிப்போனது. "என்னை நம்பித்தான் எங்களவர்கள் இங்கே பேச அனுப்பினார்கள். இனி அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?"

"இன்னா சார், அந்தம்மா ஏன் சும்மா நின்னுக்கினு இருக்காங்க?" என்றார் அஞ்சலை. அவரிடமும் மற்றவர்களிடமும் நடந்ததைச் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

"எங்க சாமி கதைய பூசாரியத் தவுர நாங்க யாரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டோம். அவங்க நிறுத்துனா நீங்களும் நிறுத்த வேண்டியதுதான சார்?" என்றவர், மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டது கேட்டாச்சு. யாரும் இத கீழ போயி பேசிக்கினு இருக்காதீங்க." எல்லோரும் சரி என்றார்கள். "இதையும் அவங்களாண்ட சொல்லுங்க சார். கூட்டாம கொறைக்காம சொல்லுங்க."

ஒரு சொல் விடாமல் சொன்னேன். ஜோலின் போய் அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்தார். அஞ்சலைக்கு இன்னும் ஈமு தெரியவில்லை. அவர் விரலைப் பிடித்து வானத்தில் ஈமுவின் தலையிலிருந்து கால்வரை ஜோலின் வரைந்து காட்டினார்.

போகிறவர்கள் மலைக்கோயில் ஆட்களிடம் முன்பே சொல்லிவிட்டு ஏறுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், இருட்டுக்குப் பழகிய கண் கூசாமல் இருக்கச் சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச் வேண்டும். ஒன்பதரைக்குள் இறங்கிவிடுங்கள். ஜோலின் சொன்ன பாதிக் கதையைக்கூட நான் இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று கேட்டு அவருக்கு மெயில் போட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.