அரை நிமிடம் அதிகமான பாட்டு

நாளை கடலூரில் கல்லூரிகளுக்கான சியர் டான்ஸ் போட்டி. ஆடிக்கொண்டே ஒருவர்மேல் ஒருவர் ஏறி, பாட்டு முடியும்போது பிரமிடாக நிற்கவேண்டும். இசை இரண்டரை நிமிடத்தைத் தாண்டினால் மதிப்பெண் குறையும். எங்கள் பாட்டோ மூன்று நிமிடம்.

காலையில் சிதம்பரத்தில் சிடி போட்டுத் தரும் கடைக்கார அண்ணனிடம், "அரை நிமிஷம் வெட்டிக் குடுங்கண்ணே" என்றேன்.

"நல்ல பாட்டும்மா. எத வெட்றது, நாதஸ்வரத்தயா?" என்று வருத்தப்பட்டார்.

மாலை ஒத்திகையில் போட்டு ஆடிப் பார்த்தோம். சரியாக இரண்டரை நிமிடம். ஒரு வரிகூட வெட்டவில்லை. மொத்தப் பாட்டையும் வேகமாக ஓடவைத்திருக்கிறார்.

பாட்டு முடிந்தபோது, பிரமிடின் உச்சியில் நிற்கவேண்டிய கவிதா என் தோளில்தான் ஒரு காலை வைத்திருந்தாள்.

போன் செய்தேன். "டயத்துக்கு முடிஞ்சுதில்ல?" என்றார் பெருமையாக.

நாளை வருகிறவர்கள் பாட்டு நின்றதும் எழுந்து போய்விடாதீர்கள். கவிதா இன்னும் ஏறிக்கொண்டிருப்பாள்.