நூறாம் நம்பர் டயர்

ஆரணியில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. இப்போது வெறும் தகவலாகச் சொல்கிறேன்.

பட்டுப்புடவை வியாபாரம் எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை. ஆரணியிலும் முள்ளிப்பட்டிலும் வீட்டில் தறி போட்டிருப்பவர்களுக்கு நூல் கொடுத்து, நெய்து வருவதை வாங்கி விற்பது தொழில். நாற்பத்தெட்டு வயதில் மற்றவர்களுக்குச் சர்க்கரை வரும், பக்தி வரும். எனக்குக் கார் வந்தது. பெங்களூரில் ஒரு டாக்டர் அலுத்துப்போய் விற்ற கார். இரண்டு கதவு, இரண்டு இருக்கை, மஞ்சள் நிறம், தரைக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லாத உடம்பு. வெளிநாட்டு வண்டி என்பதால் இண்டிகேட்டர் குச்சி இடது பக்கமும் வைப்பர் குச்சி வலது பக்கமும் இருக்கும். இருபது வருடம் நம் ஊர் வண்டி ஓட்டிய கை அதை ஏற்றுக்கொள்ளவில்லை. நான் திரும்பும் ஒவ்வொரு முனையிலும், கொளுத்துகிற வெயிலில், வைப்பர் ஆடும். ஊருக்குள் நான் வருவதை அதை வைத்தே தெரிந்துகொண்டார்கள்.

என் மனைவி நெசவு வீட்டுப் பெண். பத்து வயதிலேயே தறியில் உட்கார்ந்தவள். எங்கள் கடைக்கு வரும் ஒவ்வொரு புடவையும் அவள் கையைத் தாண்டித்தான் அலமாரிக்குப் போகும். காரைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு, ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"நான் ஒரு வாட்டி ஏறி உக்காருவேங்க. ஒரு நிமிசம் பயந்தேன்னு வச்சிக்குங்க, அன்னிக்கே வண்டிய வித்துடணும்."

சரி என்றேன். பிறகு பத்து மாதம் அவளைக் காரில் ஏறச் சொல்லவே இல்லை. அதற்கெல்லாம் ஒரு புத்திசாலித்தனம் வேண்டும்.

பத்தாவது மாதம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பந்தயத் தடத்தில், பணம் கட்டினால் யாரும் தங்கள் சொந்தக் காரை ஒரு நாள் ஓட்டிப் பார்க்கலாம் என்று தெரியவந்தது. உடனே கட்டினேன். அந்த நாள் மார்கழி அமாவாசை. அமாவாசையன்று எங்கள் ஊரில் யாரும் தறி ஏற மாட்டார்கள். கடையிலும் வேலை இல்லை. அதனால் மனைவி அவளாகவே சொன்னாள், "அன்னிக்கு நானும் வரேன்." என் காரின் ஆயுள் அந்த ஒரு நாளில் வந்து நின்றது.

டாக்டர் போட்டிருந்த டயர்கள் காய்ந்து, பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்தன. நல்ல டயராகப் போட்டால் அவள் எதற்குப் பயப்படப்போகிறாள் என்று வேலூருக்குப் போனேன். பெரிய கார்களுக்கு மட்டும் டயர் விற்கும் ஒரு பாய் கடை. அவர் என் காரைச் சுற்றிப் பார்த்தார், முன்னே ஒரு அளவு பின்னே ஒரு அளவு என்று குறித்துக்கொண்டார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"ட்ராக்குல எத்தினி நாளு ஓட்டுவீங்க சார்?"

"வருஷத்துக்கு ஒரு நாள்."

"மீதி நாளெல்லாம்?"

"ஆரணி."

"அப்போ ஆரணிக்குப் பாத்துப் போட்டுக்கலாம் சார்" என்றார்.

என்னை அவர் மட்டமாக நினைத்துவிட்டார் என்று பட்டது. மூன்று டயர்களை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். டயரின் பக்கவாட்டில், அது எவ்வளவு நாள் தேயாமல் உழைக்கும் என்பதற்கு ஒரு எண் போட்டிருப்பார்கள். ஒன்றில் முந்நூறு, ஒன்றில் இருநூறு, ஒன்றில் நூறு. இங்கேதான் என் மூன்று தலைமுறை அறிவு விழித்துக்கொண்டது. பட்டு நூலை டெனியர் எண்ணால் சொல்வோம். எண் குறையக் குறைய நூல் சன்னம், சரக்கு உசத்தி. பதினாறு கேட்கிற இடத்தில் இருபத்தெட்டைக் காட்டினால் நான் கடையை விட்டே எழுந்து போய்விடுவேன். முந்நூறைக் காட்டுகிற ஆளை என்ன சொல்வது.

போதாததற்குக் கட்டைவிரல் வேறு இருந்தது. இருட்டில் கொடுத்தாலும் அசல் பட்டை விரலால் சொல்லிவிடுவேன் என்று நாற்பது கல்யாண வீடுகளில் பேசியிருக்கிறேன். அந்த விரலால் மூன்று டயரையும் அமுக்கிப் பார்த்தேன். முந்நூறு கெட்டி. இருநூறு பரவாயில்லை. நூறு, அல்வா மாதிரி அமுங்கியது. பள்ளக் கோடுகள்கூட அதிகம் இல்லாமல் வழவழவென்று, உடம்பில் ஜரிகை அதிகம் போடாத உயர்ந்த புடவை போல இருந்தது.

பாய் மறுபடியும் முயன்றார். "இது சூடு ஏறினாத்தான் புடிக்கும் சார். ட்ராக்குல நாலு ரவுண்டு அடிச்சீங்கன்னா பசை மாதிரி ஒட்டும், ஒத்துக்கறேன். காலையில ஜில்லுனு இருக்கச்ச பிரேக் போட்டா கேக்காது. ஈரம்னா சுத்தம். பள்ளமே கம்மி, தண்ணி எங்க போவும்? ரோடுக்கும் ட்ராக்குக்கும் சேத்து வோணும்னா நடுவுல இருநூறு கீது. என்ன கேட்டா, முந்நூறு போட்டுட்டு நிம்மதியா போங்க."

நடுத்தரம் என்ற சொல்லைக் கேட்டால் பட்டு வியாபாரிக்குக் காது அடைத்துக்கொள்ளும். நூறு போடுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் மனைவி கேட்டாள், "கடைக்காரரு இன்னா சொன்னாரு?"

"பசை மாதிரி ஒட்டுமாம்" என்றேன். அவர் சொன்னதில் பொய் கலக்காமல் எடுக்கக்கூடிய பகுதி அதுதான்.

ஒட்டியது உண்மை. கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் சாலையில் கிடந்த அத்தனை ஜல்லியும் அதில் ஒட்டிக்கொண்டது. ஒட்டிய கல் சுழன்று மட்கார்டுக்குள் பொரிகடலை வறுக்கிற சத்தம் போடும். ஒருநாள் சேத்துப்பட்டு போய் வந்தபோது, ரோட்டில் காய வைத்திருந்த நெல் ஒரு படியாவது டயரோடு வீட்டுக்கு வந்திருக்கும். இதெல்லாம் தரத்தின் அடையாளம் என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். சூடு ஏறுவது மட்டும் நடக்கவில்லை. மினி பஸ்ஸுக்குப் பின்னால் முப்பதில் போகிற காருக்கு எங்கிருந்து சூடு ஏறும்.

அமாவாசை காலையில் ஆறரை மணிக்குப் புறப்பட்டோம். ஒன்பதுக்குத் தடத்தின் கேட்டை மூடிவிடுவார்கள். பனி இறங்கி, சிமெண்ட் ரோடு வியர்த்திருந்தது. மனைவி காருக்குள் இறங்கி உட்கார்ந்து, "காலத் தொங்கப்போட்டு உக்கார்ற தறிக்குழியே பரவால்லங்க" என்றாள். அது பயத்தில் சேராது என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.

எங்கள் தெருவின் வேகத்தடை காரின் வயிற்றில் இடிக்கும் என்பதால், சந்து வழியாக நெசவாளர் தெருவுக்குள் நுழைந்து போவது என் வழக்கம். அந்தத் தெருவில் காலை வேளையில் வண்டி விடக்கூடாது என்பது ஆரணியில் மாடுகளுக்கும் தெரியும். பட்டுப் பாவு என்கிற, நெய்வதற்கு முன் நீளவாக்கில் ஓடும் ஆயிரக்கணக்கான இழைகளை, தெரு நீளத்துக்கு இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காய வைப்பார்கள். இரண்டு முனையிலும் ஸ்டூல் போட்டுச் சிவப்புத் துணி கட்டியிருக்கும். அன்றைக்குத்தான் அமாவாசை ஆயிற்றே, யார் வேலை செய்யப்போகிறார்கள் என்று சந்துக்குள் திருப்பினேன். தெருவின் நடுவில் வந்து சேரும் அந்தச் சந்துக்கு ஸ்டூலும் கிடையாது, துணியும் கிடையாது.

சந்து முடியும் இடத்தில், பனிக்குள் அரக்கு நிறத்தில் ஒரு பாவு குறுக்கே நின்றது.

பிரேக்கை மிதித்தேன். பாய் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. டயர் ஜில்லென்று இருந்தது. தரையில் பனியோடு கஞ்சியும் சிந்திக் கிடந்தது. சக்கரம் நின்றுவிட்டது, கார் நிற்கவில்லை. அவசரமே இல்லாமல், பல்லக்கு போல நகர்ந்தது. பாவுக்கு அந்தப் பக்கம் நின்ற நெசவாளரும் அவர் மனைவியும் வாய் திறந்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்ததை நிதானமாகக் கவனிக்கிற அளவு நேரம் இருந்தது. மஞ்சள் மூக்கு பாவுக்கு அடியில் நுழைந்தது. இழைகள் பானெட் மேல் வழுக்கி ஏறி, முன் கண்ணாடியில் படிந்தன. கார் நின்றது. ஒரு இழைகூட அறுபடவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். யாராவது பின்னால் வந்து மோதிவிடக் கூடாதே என்ற பொறுப்புணர்ச்சியில் இண்டிகேட்டரைப் போட்டேன். பழைய கை. வைப்பர் எழுந்து, கண்ணாடியில் படிந்திருந்த பட்டை ஒரு முறை அந்தப் பக்கமும் ஒரு முறை இந்தப் பக்கமும் துடைத்தது.

அறுந்தது, எண்ணிப் பார்த்ததில் நாற்பத்தொரு இழைகள்.

இறங்கி நின்றதும் நான் கேட்ட முதல் கேள்வி, "அமாவாசையும் அதுவுமா எதுக்குப் பாவு போட்டீங்க?" கேட்டிருக்கக் கூடாது.

நெசவாளர் மரியாதையாகவே சொன்னார். "நீங்கதானே முதலாளி, ஜல்தியா வோணும், ஜல்தியா வோணும்னு டெய்லி போன் பண்ணிகினு இருந்தீங்க. தறிதானே ஏறக்கூடாது, பாவாவது போட்டு வச்சிக்கலாம்னு போட்டோங்க."

என் ஆர்டர். அந்த ஒரே பாவில், ஒரே கல்யாணத்துக்கு மூன்று புடவை.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பாவை அறுத்தவர் யாரானாலும் அங்கேயே உட்கார்ந்து, அறுந்த இழையைப் பிணைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அறுந்த இரண்டு முனைகளையும் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு ஒரு முறுக்கு. அவ்வளவுதான். தெருவில் பிணைக்கத் தெரியாதவர் யாரும் இல்லை என்பதால் இதில் இதுவரை சிக்கல் வந்ததில்லை. நான் உட்கார்ந்தேன். என் அப்பா என்னைத் தறிப் பக்கம் விடாமல் பி.காம் படிக்க வைத்தவர். முடிபோல இருந்த அந்த முனைகளை என் புகழ்பெற்ற கட்டைவிரலால் பிடிக்கவே முடியவில்லை. பிடித்தால் முறுக்கு நிற்கவில்லை. சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"உடுங்க முதலாளி, நாங்க பாத்துக்கறோம்" என்றார் நெசவாளர். அவர் திட்டியிருந்தால் தேவலாம்.

மனைவி காரிலிருந்து இறங்கி வந்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு, சாம்பல் வாங்கி, என்னை நகரச் சொல்லி உட்கார்ந்தாள். விரல் போன வேகத்தில் அவள் என்ன செய்கிறாள் என்றே தெரியவில்லை. நாற்பது முடித்து, ஒன்றை மட்டும் விட்டுவிட்டு எழுந்தாள். "இது உங்க இழை." கால் மணி நேரம் போராடி எப்படியோ ஒரு முடிச்சைப் போட்டேன். எட்டு மணி ஆகியிருந்தது. இனிக் கிளம்பிப் போவதற்குள் தடத்தின் கேட்டை மூடிவிடுவார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது, மனதில் வைத்திருந்த வாதங்களையெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டு கேட்டேன். "ரொம்பப் பயந்துட்டியா?"

"அந்த ஊர்ற வேகத்துக்கு இன்னாங்க பயம்." விரலில் இருந்த சாம்பலை முந்தானையில் துடைத்தாள். "வெக்கமா இருந்துச்சி. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவங்க நெய்யறதுலதான் சாப்புடறோம். ஒரு இழை புடிக்க தெர்ல உங்களுக்கு."

பயத்துக்கு என்னிடம் பதில் இருந்தது. ஏர்பேக் இருக்கிறது, பெல்ட் இருக்கிறது, வேறு டயர் போடலாம். வெட்கத்துக்கு ஏர்பேக் கிடையாது. முனையில் திரும்பும்போது வைப்பர் ஆடியது. அவள் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் வேலூருக்குப் போய் முந்நூறு போட்டுக்கொண்டேன். நான் சொல்வதற்கு முன்பே பாய் அதை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். அது எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஒன்றரை மாதம் கழித்து மூன்று புடவையும் கடைக்கு வந்தன. மனைவி ஒவ்வொன்றாகப் பார்த்து, இரண்டை அலமாரியில் வைத்துவிட்டு, மூன்றாவதை என் முன்னால் விரித்தாள்.

"டயர அமுக்கியே தரம் சொன்ன விரலாச்சே. இதுல நாப்பத்தியொரு முடிச்சி கீது. ஒண்ணே ஒண்ணக் கண்டுபுடிங்க, வண்டி இருக்கட்டும். இல்லன்னா வித்துடலாம்."

விளையாட்டாகச் சொன்னாளா என்று பார்த்தேன். இல்லை. முந்தியிலிருந்து ஆரம்பித்தேன். கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சாண் சாணாகத் தடவினேன். துணி தண்ணீர் மாதிரி ஓடியது. ஒன்றும் தட்டுப்படவில்லை. பாதி தாண்டியதும் காரை வாங்க வருகிறவரிடம் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அப்போது கரைக்குச் சற்று உள்ளே, விரல் எதிலோ தட்டியது. சின்னதாக, கடுகு போல.

"இதோ" என்றேன். என் குரலில் இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அவள் குனிந்து பார்த்தாள். விரலை வைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"அது நீங்க போட்டதுங்க. தறியில இழை நுழையற அச்சுல மாட்டி மாட்டி, நெய்யறவரு பேஜார் புடிச்சிப் போய்ட்டாராம். சரி, சொன்னா சொன்னதுதான். வண்டி இருக்கட்டும்."

கார் இருக்கிறது. கல்யாண வீட்டுக்கு அந்தப் புடவையைக் கொடுக்க முடியாது என்று அவளே சொல்லிவிட்டாள். வேறொன்று நெய்து அனுப்பினோம். முடிச்சு விழுந்ததை அவளே கட்டிக்கொள்கிறாள். அதைக் கட்டிக்கொண்டு காரில் ஏறும்போது அந்தக் கடுகு சரியாக இடுப்புப் பக்கம், என் கண்ணில் படுகிற இடத்தில் வருகிறது. அவள் போட்ட நாற்பது முடிச்சுகளும் அதைச் சுற்றி ஒரு சாணுக்குள்தான் இருக்க வேண்டும். துவைத்து மடித்து வைத்திருக்கும்போது, யாரும் பார்க்காத நேரத்தில் எடுத்துத் தடவிப் பார்க்கிறேன். இன்னும் ஒன்றுகூட அகப்படவில்லை.