ஏணியை மேலே இழுத்தவள்

அவளுக்கு எங்கள் பக்கத்தில் 'மோப்பம்' என்று பெயர். பால் சேகரிப்பு நிலையத்தில் கேன் மூடியைத் திறந்து ஒரு தடவை முகர்ந்தால் போதும். இது நேற்றைய பால் கலந்தது, இது சரியாகக் கழுவாத கேன் என்று, கருவி சொல்வதற்கு முன்னால் அவள் சொல்லிவிடுவாள். பால் வண்டி ஓட்டுகிற எனக்கும் அவளுக்கும் தினமும் வாய்ச்சண்டை. "உன் மூக்க இன்ஷூர் பண்ணி வை" என்பேன். "நீ மொதல்ல உன் வாய்க்குப் பூட்டு வாங்கு" என்பாள்.

விவசாயக் கல்லூரியின் விரிவாக்க மையத்துக்கு எங்கள் ஞாபகம் வந்ததே சாவுக்குப் பிறகுதான். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், சாணமும் கழுவின தண்ணீரும் போய்ச் சேருகிற மூடிய குழி ஒன்று எல்லார் வீட்டிலும் உண்டு. அப்படி ஒரு குழிக்குள் ஒரு அப்பா இறங்கி விழுந்தார். அவரைத் தூக்க மூத்த மகன் இறங்கினான். அவனைத் தூக்க இளையவன். சத்தம் கேட்டு ஓடிவந்த அடுத்த வீட்டுக்காரர் அவர்களுக்குப் பின்னால் இறங்கினார். யாரும் மேலே வரவில்லை.

அதற்கப்புறம் மையத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், பேனர் கட்டினார்கள். இதுவும் டீ குடித்துவிட்டுக் கலைகிற கூட்டம் என்றுதான் நினைத்தேன். ஆனால் உள்ளூர் ஆள் ஒருவரைப் பழக்கி அவரை வைத்தே வகுப்பு நடத்துவது என்று முடிவு செய்திருந்தார்கள். மோப்பம் பேர் கொடுத்தாள். பயிற்சி முடித்து வந்தவள் பால் நிலையத்துக் கூடத்தில் வாராவாரம் எங்களைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாள்.

முதல் பாடமே அவள் தொழிலுக்கு ஆப்பு. குழியில் கிளம்புகிற விஷக்காற்று கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை வாடை அடிக்குமாம். அதிகமாக இருந்தால் எந்த வாடையும் தெரியாதாம். ஆளைச் சாய்ப்பதற்கு முன்னால் அது மூக்கைத்தான் சாகடிக்கிறது. "என் மூக்கையே நம்பாதன்னு சொல்லிட்டாங்க. உங்க மூக்கெல்லாம் எந்த மூலைக்கு?" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த பாடத்துக்கு யாரும் சிரிக்கவில்லை. "உள்ள உங்க புள்ள விழுந்து கெடக்கு. என்ன பண்ணுவீங்க?" என்று ஒரு பெண்ணைக் கேட்டாள்.

"எறங்குவேன். வேற என்ன பண்ணுவேன்?"

"அப்போ ரெண்டு பொணம். எறங்கக் கூடாது. யாரையும் எறங்க விடவும் கூடாது. ஃபேன வச்சு உள்ள காத்த அடிக்கணும், தீயணைப்புக்குப் போன் பண்ணணும். அவங்ககிட்டதான் முதுகுல மாட்டுற காத்து சிலிண்டர் இருக்கு."

"இவ நெஞ்சு என்ன கல்லா?" என்று பின்வரிசையில் முணுமுணுத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் அவள் விடவில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் அதே கேள்வியை வேறு வேறு ஆளிடம் கேட்டாள்.

அவள் புருஷன் நல்ல மனுஷன். வகுப்புக்கு நாற்காலி போடுவது, எடுப்பது எல்லாம் அவர்தான். பாடம் முழுக்க அவருக்கு மனப்பாடம். அவளை மாதிரியே கையை ஆட்டிப் பேசிக்காட்டி எங்களைச் சிரிக்க வைப்பார். அப்படிப்பட்டவர் எப்படி இறங்கினார் என்று இன்னமும் கேட்கிறார்கள். குழியிலிருந்து சாணத் தண்ணீரை இறைக்கிற பம்பில் துணி சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது. முந்தின நாளே மூடியைத் திறந்து போட்டுவிட்டதால் கெட்ட காற்று போயிருக்கும் என்று கணக்குப் போட்டார். அது போயும் இருக்கலாம். ஆனால் துணி கழன்று வருமா என்று நீளக் கழியால் சாணக் குழம்பை நன்றாகக் கலக்கியிருக்கிறார். கலக்கும்போதுதான் அடியில் அடைந்து கிடந்த காற்று மொத்தமாகக் கிளம்பும். அவர் ஏணி வைத்து இறங்கியது அதற்குப் பிறகு.

அவர் தம்பி போட்ட கூச்சல் பால் நிலையம் வரைக்கும் கேட்டது. அவர்கள் வீடு நிலையத்துக்குப் பின்னால்தான். கேனைப் போட்டுவிட்டு அவள் ஓடினாள். நான் போய்ச் சேரும்போது ஏணியை மேலே இழுத்துப்போட்டு அதன்மேல் குப்புறப் படுத்திருந்தாள். கொழுந்தன் அவள் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அவள் உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

"விடுங்க அண்ணி! அண்ணன் உள்ள கெடக்கான்!"

"பாத்துட்டு நிக்காத, இவனப் புடி!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள்.

பிடித்தேன். வாராவாரம் வகுப்புக்கு வருகிற இரண்டு பெண்களும் சேர்ந்து பிடித்தார்கள். புள்ளைக்காக இறங்குவேன் என்று சொன்னவள் கொட்டகை ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இன்னொருத்தி போனில் கத்திக்கொண்டிருந்தாள். நான்கு பேர் செத்த அன்றைக்கு இங்கே யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்ததால் நெஞ்சு வெடிக்காமல் இருந்துவிடுமா என்ன?

"கை அசையுது! நான் பாத்தேன், கை அசையுது!" என்று தம்பி எங்கள் பிடியில் துள்ளினான். அவள் எழுந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, குழி வாயில் எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து அவன் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"அசையல. முடிஞ்சுபோச்சுப்பா."

அவன் உடம்பு துவண்டு என் கையிலேயே சரிந்தது. தீயணைப்பு வண்டி வந்து சிலிண்டர் மாட்டிய ஆள் இறங்கினார். வெளியே வந்தது ஒரே ஒரு பிணம்.

ஒரு சாவோடு போயிற்றே, அது இவளால்தானே என்று யாராவது நினைத்துப் பார்த்தார்களா? ஊர் வாய் வேறு வேலையில் இருந்தது. மோப்பம் என்ற பெயர் போய், 'ஏணிய எடுத்தவ' ஆனாள். மாமியார் அவள் கையால் தண்ணீர் வாங்குவதை நிறுத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த கொழுந்தன் அவள் முகத்தில் விழிப்பதில்லை. அவன் பெண்டாட்டி மட்டும் யாருக்கும் தெரியாமல் சாப்பாட்டுக் கிண்ணத்தை வாசலில் வைத்துவிட்டுப் போவாள். தன் புருஷன் இவளால்தான் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்தவளால் வேறென்ன செய்ய முடியும்? எனக்கு இவர்கள் எல்லார் மேலும் பற்றிக்கொண்டு வந்தது. வகுப்பு நின்றுபோனது.

ஆனால் வாயால் தூற்றினவர்களே குழி வாயில் கம்பி வலை அடித்தார்கள். இறங்காமலே மேலே தூக்குகிற மாதிரி பம்புக்குச் சங்கிலி கட்டினார்கள். மெயின் ரோட்டுப் பண்ணையில் வேலையாள் ஒருவன் குழிக்குள் விழுந்தபோது பின்னாலேயே இறங்கப் போன முதலாளி மகனை நான்கு பேர் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஃபேன் போட்டார்கள். தீயணைப்பு ஆட்கள் அவனை உயிரோடு எடுத்தார்கள். அதை அவளிடம் போய்ச் சொன்னவன் நான்தான். கேட்டுவிட்டு, புருஷன் செத்தபோதுகூட அழாதவள், என் முன்னால் ஓவென்று அழுதாள். அடுத்த வாரம் கூடத்தைத் திறந்தாள். நாற்காலியை அவளே போட்டாள்.

கூட்டம் நிறைய வந்தது. பாடம் கேட்க வந்தவர்கள் பாதி, அவளை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பாதி. கடைசி வரிசையில் கொழுந்தன் வந்து உட்கார்ந்தான். பாடம் நடந்துகொண்டிருக்கும்போது புதிதாக வந்த ஒரு பெண் எழுந்து, "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. ஏணிய எடுத்தப்போ அவரு செத்துட்டாரா?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு அவளை அறையலாம் போலிருந்தது.

மோப்பம் கடைசி வரிசையைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

"இல்ல. கை அசைஞ்சுது. நான் பாத்தேன். அதனாலதான் சொல்றேன், கை அசைஞ்சாலும் எறங்காதீங்க."

கொழுந்தன் எழுந்தான். அடிக்கப் போகிறான் என்று நானும் எழுந்தேன்.

"அண்ணி, அன்னைக்கே சொல்லியிருந்தா நான் உங்க எல்லாரையும் தள்ளிட்டு எறங்கியிருப்பேன்."

"தெரியும். அதான் சொல்லல."

அவன் நின்றபடியே அழுதான். அவளும் அழுதாள். கூட்டத்தில் ஒருவரும் வெளியே போகவில்லை.