வவுனியாவுக்கு வடக்கே வாத்து இல்லை

நவரத்தினம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது எடுத்துக்கொண்டது பதினான்கு கொப்பிகள். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, யுத்தத்துக்கு அஞ்சிக் குடாநாட்டுச் சனம் முழுவதும் ஒரே தெருவில் நடந்த நேரம் அது. மற்றவர்கள் நகையை இடுப்பில் முடிந்தார்கள், காணி உறுதியைச் சட்டைக்குள் செருகினார்கள். இவர் இருபது வருடமாகக் கொக்கும் நாரையும் வாத்தும் எண்ணி எழுதிய கொப்பிகளை உரப்பை ஒன்றில் கட்டிச் சைக்கிள் கரியரில் ஏற்றினார். கரியரில் இடமில்லாமல் போனதால் மனைவி கனகேஸ்வரியின் இடியப்ப உரல் குசினியிலேயே நின்றுவிட்டது. நாலு வருடம் கழித்து, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றின் இரண்டாம் மாடியில், இடியப்பம் அவிக்கும் நாளெல்லாம் அந்த உரலின் கதை வரும்.

“சனம் உயிரைக் காப்பாத்த ஓடேக்கை இவர் கொக்குக் கணக்கைக் காப்பாத்தினவர்,” என்று வருகிறவர்களிடமெல்லாம் கனகேஸ்வரி சொல்லுவாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். நவரத்தினமும் சிரிப்பார். உள்ளுக்குள் அவருக்கு அது பெருமைதான்.

உத்தியோகம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில். கல்லுண்டாய் வெளியில், கடல் நீரேரிக்குள் நட்டிருந்த அளவுகோலைக் காலையும் மாலையும் பார்த்துத் தண்ணீர் எத்தனை அங்குலம் நிற்கிறது என்று எழுத வேண்டும். இரண்டு நிமிட வேலைக்கு அரசாங்கம் முழுநாள் சம்பளம் தந்தது. எழுபத்தைந்தில் ஒருநாள், மிச்ச நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் எதிரே மேய்ந்த வாத்துகளை எண்ணினார். அடுத்த நாளும் எண்ணினார். பிறகு விட முடியவில்லை.

எண்ணிப் பார்த்தால்தான் தெரியும் சில விஷயங்கள். மாரியில் வடதுருவப் பக்கமிருந்து வரும் ஊசிவால் வாத்து எழுபதுகளில் எட்டாயிரம் வந்தது. வேட்டைக்காரரின் புண்ணியத்தில் எண்பத்திரண்டில் அது மூவாயிரமாக விழுந்தது. யுத்தம் மும்முரமானதும் மறுபடி ஏறத் தொடங்கியது. ஊரிலிருந்த வேட்டைத் துவக்கெல்லாம் பறிபோய்விட்டது. சுடத் தெரிந்தவர்களுக்கு வாத்தைவிட முக்கியமான வேலை இருந்தது. நீரேரியில் வலை வீசவும் தடை. தொண்ணூற்றுநாலில் ஒரே பின்னேரத்தில் பதினோராயிரம் எண்ணினார். மனிதன் குறையக் குறைய வாத்து கூடுகிறது என்பதைக் கட்டத்தாளில் கோடாகவே கீறி வைத்திருந்தார். சண்டையால் நன்மை கண்ட ஒரு கட்சியாவது நாட்டில் இருந்தது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

வெள்ளவத்தையில் எண்ணுவதற்குக் காகம்தான் இருந்தது. மனிதரை எண்ணும் வேலையைப் பொலிஸ் பார்த்துக்கொண்டது. வீட்டில் யார் யார், எங்கிருந்து வந்தவர், எத்தனை நாள் தங்குவார் என்று படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் அதைத் திட்டிக்கொண்டு நிரப்பினார்கள். நவரத்தினத்துக்கு அந்தப் படிவத்தில் குறை தெரியவில்லை. கட்டங்கள் ஒழுங்காக இருந்தன.

தொண்ணூற்றொன்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அறிவித்தல் ஒன்று வந்தது. இலங்கையில் எந்தப் பறவை கடைசிப் பதினைந்து வருடத்தில் எங்கெங்கே காணப்பட்டது என்று காட்டும் பெரிய வரைபடப் புத்தகமொன்றைக் கொழும்புப் பறவைச் சங்கம் ஒன்று அச்சிடப் போகிறதாம். நவரத்தினம் சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டு, உரப்பையோடு கறுவாத்தோட்டத்திலிருந்த சங்கக் கந்தோருக்குப் போனார்.

சங்கத்துச் செயலாளர் டோரின், அறுபது வயதுப் பறங்கிப் பெண்மணி. மிக மரியாதையாக இருக்கவைத்து, வரைபடங்களை மேசையில் விரித்தார். தெற்கு முழுவதும் பச்சைப் புள்ளிகள். வவுனியாவுக்கு மேலே தாள் வெள்ளையாகக் கிடந்தது. ஊசிவால் வாத்து, பூநாரை, நத்தைகுத்தி நாரை, எதுவாயிருந்தாலும் வவுனியாவோடு நின்றுவிட்டது.

“வவுனியாவுக்கு வடக்கே ஏன் ஒன்றும் இல்லை?” என்று நவரத்தினம் தன் கந்தோர் ஆங்கிலத்தில் கேட்டார்.

எண்பத்துமூன்றுக்குப் பிறகு அங்கிருந்து பதிவு எதுவும் வரவில்லை, பதிவு இல்லாததைப் படத்தில் போட முடியாது என்று டோரின் வருத்தத்தோடு சொன்னார். நவரத்தினத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பதினோராயிரம் வாத்தைத் தன் கண்ணால் எண்ணியவன் உயிரோடு எதிரில் இருக்க, வாத்து இல்லை என்று அச்சடிக்கப் போகிறார்கள். உரப்பையை மேசையில் வைத்து அவிழ்த்தார்.

நவரத்தினம் பறவைப் பெயர்களை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, டோரின் இரண்டு மணி நேரம் கொப்பிகளைப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. இப்படியொரு கணக்கு நாட்டில் வேறெங்கும் இல்லை என்றார். ஆனால் எண்பத்தெட்டு தை மாதப் பக்கம் ஒன்றில் விரல் நின்றது. வரித்தலை வாத்து, இரண்டு. இமயமலையைத் தாண்டிப் பறக்கும் அந்தப் பறவை இந்தத் தீவில் காணக் கிடைப்பதே அபூர்வம்.

எந்தத் தொலைநோக்கியால் பார்த்தீர்கள் என்று கேட்டார். தொலைநோக்கி இல்லை, வெறுங்கண் என்றார் நவரத்தினம். இந்தியப் பட்டாளம் நின்ற காலம் அது. கல்லுண்டாய் வெளியில் தொலைநோக்கியோடு நிற்பவன் வாத்துத்தான் பார்க்கிறான் என்று நம்புகிற ஒரு ராணுவத்தை அவர் இன்னும் சந்திக்கவில்லை.

பதிவுக் குழுவின் விதிகள் இரண்டு. அபூர்வப் பறவையென்றால் கூட நின்று கண்ட இரண்டாவது ஆளின் கையெழுத்து வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த ஒரு பதிவின் சந்தேகம் பதினான்கு கொப்பியையும் பிடித்துவிடும். அடுத்தது, கொப்பி அன்றன்று எழுதியபடியே இருக்க வேண்டும். பிறகு ஒரு சொல் சேர்த்திருந்தாலும் முழுவதும் தள்ளுபடி. மாத முடிவுக்குள் கையெழுத்தோடு வாருங்கள், வடக்கு முழுவதற்கும் பச்சை அடித்துத் தருகிறேன் என்று சொல்லிச் சாட்சிப் படிவமொன்றைத் தந்தார் டோரின்.

இரண்டாவது ஆள் இருந்தார். கொப்பியிலேயே எழுதியிருந்தது: ‘உடன்: மர்ஸூக்.’

மர்ஸூக் யாழ்ப்பாணம் சோனகதெருவில் தையற்கடை வைத்திருந்தவர். நாவாந்துறையில் நண்டு வாங்க விடியப் போகிறவர், நவரத்தினத்தின் சைக்கிளைக் கண்டால் கல்லுண்டாய் வரைக்கும் கூடவே வருவார். தொண்ணூறில் இயக்கம் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அத்தனை பேரையும் இரண்டு மணித்தியாலத்தில் துரத்தியபோது மனைவி பிள்ளைகளோடு போனவர். அதன் பிறகு நவரத்தினம் அவரைக் கண்டதில்லை, தேடியதுமில்லை. கொழும்புக்கு வந்து நாலு வருடமாகிவிட்டது. வாத்துக்குச் சாட்சி தேவைப்பட்டதும் தேடிப் பிடிக்க ஐந்து நாள்தான் எடுத்தது. காலி வீதித் தையற்கடையொன்றில் விசாரித்தார். அவர்களுக்குப் பள்ளிக்கூடக் காற்சட்டை தைத்துக் கொடுப்பவரே மர்ஸூக்தான். மாளிகாவத்தை மாடிவீட்டில் இருந்தார்.

“ஒன்பது வருசமா அந்த மனுசன் இருக்குதோ செத்துதோ எண்டு கேக்கேல்லை,” என்றாள் கனகேஸ்வரி. “இப்ப வாத்துக்காகப் போறியளோ?”

“ஒரு கையெழுத்துத்தானே.”

“வெறுங்கையோட போகாதையுங்கோ.” பருத்தித்துறை வடையைத் தட்டொன்றில் வைத்துத் துணியால் கட்டித் தந்தாள்.

மூன்றாம் மாடி விறாந்தையில் தையல் மெசினுக்கு முன்னால் இருந்த மனிதர் நிமிர்ந்தார். தலை நரைத்திருந்தது. ஒரு கணம் பார்த்துவிட்டு எழும்பி வந்து இரண்டு கையையும் பிடித்தார்.

“நவம் அண்ணையோ? யா அல்லாஹ்! லுத்பியா, ஆர் வந்திருக்கிறது எண்டு பாருங்க!”

மனைவி லுத்பியா உள்ளிருந்து சுகம் விசாரித்துவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனார். மர்ஸூக் வடையைக் கடித்து, கண்ணை மூடி மென்றார். வந்த காரியத்தை நவரத்தினம் சுற்றி வளைத்துச் சொல்லத் தொடங்க, அவர் பாதியிலேயே மறித்தார்.

“அந்த ரெண்டு கறுப்புக் கோடு போட்ட தலையன்தானே? மறப்பனோ? ஒண்டுக்கு இடது கால் நொண்டி.”

நவரத்தினம் கொப்பியைத் திறந்தார். ‘ஒன்று இடது கால் நொண்டுகிறது’ என்று எழுதியிருந்தது. பதினொரு வருடம் கழித்து, கேட்காமலே சொன்ன சாட்சி. அவருக்குச் சந்தோஷத்தில் தேத்தண்ணி புரைக்கேறியது. வடக்கு பச்சையாகிவிட்டது என்றே நினைத்தார்.

மர்ஸூக் கொப்பியை மடியில் வைத்துத் தன் பெயரைப் பார்த்து ரசித்தார். நவரத்தினம் உரப்பையோடு கொண்டுவந்து கீழே வைத்திருந்த மற்றக் கொப்பிகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு தொண்ணூறாம் ஆண்டுக் கொப்பியை எடுத்தார். விரல் ஒவ்வொரு திகதியாக இறங்கியது. எங்கே போகிறது என்று நவரத்தினத்துக்கு விளங்கியபோது தடுக்க நேரம் போதவில்லை.

“முப்பதாந் திகதி பத்தாம் மாசம், செவ்வாய்,” என்று மர்ஸூக் வாசித்தார். “பின்னேரம் நாலரையிலிருந்து ஆறு வரை. ஊசிவால் வாத்து ஆயிரத்து நூற்றி நாற்பது. நீர்மட்டம் ஒரு அடி மூன்று அங்குலம். இடையூறு: இல்லை. ஆள் நடமாட்டம் வழமையைவிடக் குறைவு. பறவைகள் கரைக்குக் கிட்ட வந்து மேய்ந்தன. எண்ணுவதற்கு நல்ல நாள்.”

மெசினில் கிடந்த காற்சட்டையின் நூலை அவர் கையால் நீவிக்கொண்டிருந்தார்.

“என்ன எழுதியிருக்கு?” என்று உள்ளிருந்து லுத்பியா கேட்டார்.

“வாத்துக் கணக்கு,” என்றார் மர்ஸூக்.

முஸ்லிம்களைத் துரத்திய அந்தச் செவ்வாய் மத்தியானம் நவரத்தினம் ஓட்டுமடச் சந்தியில் சைக்கிளோடு நின்றார். சனம் வரிசையாகப் போனது. துவக்கோடு நின்றவர்கள் பைகளைக் கிளறினார்கள். மர்ஸூக் தோளில் பிள்ளையோடு வந்தார், இவரைக் கண்டார். கண்டதும் இவர் குனிந்தார். கழலாத செயினை மாட்டினார். வரிசை முடியும் வரைக்கும் மாட்டிக்கொண்டே இருந்தார். பயம்தான், வேறொன்றுமில்லை. ஊரில் எல்லோருக்கும் பயம் என்று ஒன்பது வருடம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் பின்னேரம் அதே சந்தியால் போய் எண்ணுவதற்கு நல்ல நாள் என்று எழுதச் சொன்னது பயமல்ல. அதை எழுதிய கை தன் மடியில் கிடப்பதைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

“மர்ஸூக்...” என்று தொடங்கினார்.

“படிவத்தைத் தாங்க அண்ணை.” மர்ஸூக் பேனையை எடுத்தார். நொண்டிக் காலையும் சேர்த்து நாலு வரி எழுதினார். “நான் கண்டதுக்கு நான் கையெழுத்து வைக்கிறன். அதில எனக்கென்ன.”

திட்டியிருந்தால் நல்லாயிருக்கும். கதவைக் காட்டியிருந்தால் இன்னும் நல்லது. லுத்பியா வடைத் தட்டைக் கழுவி, அதில் தொதல் இனிப்பு வைத்துக் கொடுத்துவிட்டார்.

வெள்ளவத்தைக்கு வந்து இரண்டு நாள் நவரத்தினம் உரப்பையை அவிழ்க்கவில்லை. மூன்றாம் நாள் காலை தொண்ணூறாம் ஆண்டுக் கொப்பியை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் இருந்தார். கனகேஸ்வரி பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சேர்த்து எழுதினால் எல்லாம் தள்ளுபடி எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

“ஓம்.”

“இருபது வருசம்.”

“ஓம்.”

அவள் உரலின் கதையைக்கூட எடுக்கவில்லை. அவர் ‘இல்லை’ என்ற சொல்லை ஒரு கோட்டால் வெட்டினார். பக்கத்தில் நீல மையால் எழுதினார்: ‘இன்று மத்தியானம் சோனகதெருச் சனம் முழுவதையும் துரத்தினார்கள். மர்ஸூக் குடும்பத்தோடு ஓட்டுமடச் சந்தியால் போனார். என்னைப் பார்த்தார். நான் குனிந்து நின்றேன்.’

மாத முடிவுக்கு இரண்டு நாள் இருக்கையில் கறுவாத்தோட்டத்துக்குப் போனார். மர்ஸூக்கின் சாட்சியத்தை மொழிபெயர்த்துச் சொன்னதும் டோரின் எழும்பியே நின்றுவிட்டார். நொண்டிக் கால் ஒன்றே போதும், குழுவில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள் என்றார். வழமைப்படி ஒவ்வொரு கொப்பியையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டால் முடிந்தது. பச்சைப் பென்சில்கூட மேசையில் தயாராகக் கிடந்தது.

ஒன்பதாவது கொப்பியில் அவர் கை நின்றது. மங்கிய கறுப்பு எழுத்துகளுக்கு நடுவில் நாலு வரி பளிச்சென்று நீலம். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நவரத்தினம் ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினார். அவசரப்படாமல், ஒரு சொல்லும் விடாமல்.

டோரின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனுஷி. குரலைத் தாழ்த்தி, பேனை ஒன்று முடிந்து வேறு பேனை எடுப்பது யாருக்கும் நடக்கிற விஷயம்தானே என்றார். அன்றைக்கே எழுதியது என்று நீங்கள் சொன்னால், குழுவுக்கு நானும் அப்படியே சொல்லுவேன், மேற்கொண்டு கேட்கமாட்டேன் என்றார்.

நவரத்தினம் பச்சைப் பென்சிலைப் பார்த்தார். பதினோராயிரம் வாத்தையும் நினைத்தார். கை நீட்டிக் கொப்பியை மூடினார்.

“இல்லை மிஸ்,” என்றார். “அன்றைக்கு நான் எழுதவில்லை.”