திரும்பி வந்த தட்டு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்களில், இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில் தொடங்கியது இது.

நான் பிறந்தது நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில். கப்பல், துபாய், இத்தாலி என்று இருபது வருடம் சமையல்காரனாக அலைந்துவிட்டு ஊர் திரும்பி, ஹட்டனில் சின்னதாக ஒரு வைன் பார் திறந்தேன். போத்தல் வாங்கிக்கொண்டு போகிற வைன் ஸ்டோர்ஸ் இல்லை. உட்கார்ந்து ஒரு கிளாஸ் குடித்து, நான் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். எட்டு மேசைதான்.

பக்கத்துத் தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவர் தினமும் சாயங்காலம் வருவார். அறுபது வயதிருக்கும். ஒரு கிளாஸ் வைன், ஒரு தட்டுச் சாப்பாடு. ஆரம்பத்தில் நன்றாகத்தான் சாப்பிட்டார். பிறகு தட்டு அப்படியே திரும்பி வர ஆரம்பித்தது. கேட்டால், "வயிறு சரியில்ல தம்பி" என்பார். சூப் மட்டும் கொஞ்சம் குடிப்பார். எனக்கு உள்ளுக்குள் கோபம். எத்தனையோ நாட்டுக்காரர்கள் பாராட்டிய சமையல், சொந்த ஊர்க்காரருக்குப் பிடிக்கவில்லையா? அவருடைய சட்டை தொளதொளவென்று தொங்கியதைப் பார்த்தும், என் கண்ணில் பட்டது தட்டு மட்டும்தான்.

ஒருநாள் காலையில் நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அவருடைய மனைவி வந்தார். குடையை மடக்கியபடி வாசலிலேயே நின்றார்.

"தப்பா நெனைச்சிக்காதீங்க தம்பி. வீட்டுல சோத்தத் தொடமாட்டேங்கிறாரு. கேட்டா, இங்க சாப்பிட்டேன்னு சொல்றாரு. ஆளு மெலிஞ்சிக்கிட்டே போறாரு. நெசமாவே சாப்பிடுறாருங்களா?"

வேலைக்கு இருந்த இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் சாப்பாட்டை ஒருவர் தினமும் ஒதுக்குகிறார் என்று சொல்ல வாய் வரவில்லை.

"தட்ட வழிச்சி சாப்பிடுவாருங்கம்மா" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து அந்த மனுஷன் ஸ்டூடியோவில் மயங்கி விழுந்தார். கண்டிக்குக் கொண்டுபோனார்கள். தொண்டைக்குக் கீழே கட்டி, ரொம்பத் தாமதம் என்றார்களாம். மூன்றே வாரத்தில் போய்விட்டார்.

கருமாதிக்கு இரண்டு நாள் முன்னால் அந்த அம்மா மறுபடி வந்தார்.

"பல நாளா சோறே எறங்கியிருக்காதுன்னு டாக்டர் சொன்னாருங்க. இல்லவே இல்ல, தம்பி கடையில நல்லா சாப்பிட்டாருன்னு நான் டாக்டர்கிட்ட சண்டையே போட்டேன். இப்ப படையல் போடணும். இங்க எத விரும்பிச் சாப்பிட்டாருன்னு சொல்லுங்க தம்பி. நானே ஆக்கிடுறேன்."

ஏதோ ஒரு பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். முடியவில்லை. அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப எங்கயுமே சாப்பிடலயா?" என்றார். பிறகு மெதுவாக, "அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, புடிச்சி இழுத்துக்கிட்டாவது ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேனே" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை. சூப் மட்டும் குடிப்பார் என்று நான் சொன்னதும், அதை எப்படி வைப்பது என்று கேட்டார். லீக்ஸ் தண்டு, உருளைக்கிழங்கு, உப்பு என்று சொன்னேன். விரல் மடக்கிக் கேட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

முன்பே தெரிந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் ஒரு மனுஷி தன் புருஷனுடைய உயிரைப் பற்றிக் கேட்டபோது நான் என் கைப்பக்குவத்தைப் பற்றிப் பதில் சொன்னேன் என்பதை, எந்தச் சமாதானத்தாலும் இன்றுவரை என்னால் மாற்ற முடியவில்லை.