உருத்திரமூர்த்தி அண்ணைக்கு என்னத்துக்கு லூப்?

உருத்திரமூர்த்தி அண்ணையைப் பற்றி எழுதோணும் எண்டு கனநாளா நினைச்சுக்கொண்டிருந்தனான். இப்ப வித்தியாவே "எழுது, என்ர பேரையும் போடு" எண்டு சொல்லிப்போட்டா. அதால மூச்சு விடாம எழுதுறன், பிழை கிடந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ.

அண்ணைக்கு வயசு அறுபத்தொண்டு. மனிசி செத்துப் பல வருசம். இந்தப் பிரெஞ்சுப் பட்டணத்தில எங்கட ஆக்கள் கூட இருக்கிற பார்க் எக்ஸ்டென்ஷனில, மூண்டாம் மாடியில தனிய இருக்கிறார். விடிய பஸ் ஏறி லாசாலுக்கு வந்து, பீட்சா செய்து உறைய வைக்கிற எங்கட ஃபக்டரியில பெட்டி அடுக்கிறார். யூனியன் பிரதிநிதியும் அவர்தான். எப்பிடி அந்தப் பதவி வந்தது தெரியுமோ? ஆள் தெரிவுசெய்யிற கூட்டத்தில அவர் பாத்ரூமுக்குப் போயிருந்தவர். திரும்பி வரேக்க எல்லாரும் எழும்பி நிண்டு கை தட்டிச்சினம். ஏன் எண்டு கேக்காமலே "மெர்சி, மெர்சி" எண்டவர். அவ்வளவுதான்.

போன வருசம் புது ஒப்பந்தம் கதைக்கிற காலம். ஆருக்கு என்ன வேணும் எண்டு அண்ணை ஒவ்வொருத்தரா கேட்டுக்கொண்டு திரிஞ்சார். அவருக்குப் பக்கத்தில நிண்டு பெட்டி ஒட்டுற பிள்ளைதான் வித்தியா. ரெண்டு பிள்ளையள், சின்னன் இன்னும் கார்டெரியில, பிள்ளை பாக்கிற இடத்தில. குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை அவவுக்கு ஒத்துவரேல்லை. தலையிடி வந்து கண்ணெல்லாம் மங்கி, டொக்டர் உடன நிப்பாட்டச் சொல்லிப்போட்டா. கருப்பைக்குள்ள வைக்கிற செம்பு லூப்தான் உங்களுக்குச் சரி எண்டும் சொன்னவ. ஆனா எங்கட வேலையிட இன்சூரன்ஸ் குளிசைக்குக் காசு குடுக்கும், செம்பு லூப்புக்குக் குடுக்காது. கேட்டா, லூப் மருந்தில்லையாம், சாமானாம்! சப்பாத்துக்குள்ள வைக்கிற சோலுக்கு இதே இன்சூரன்ஸ் குடுக்குது. அதென்ன, கரைச்சுக் குடிக்கிற மருந்தே?

கைக்காசில போடலாம்தானே எண்டு கேப்பியள். வீட்டுக் காசெல்லாம் மாமியின்ர கையில. மாமி ஆர்? சிவநேசம் அக்கா! அதே ஃபக்டரி, அதே லைன், சீஸ் தூவுற இடம். மூண்டாவது பேரப்பிள்ளை வேணுமெண்டு முருகனுக்கு நேத்தி வேற வைச்சிருக்கிறா. புருசன் பிரசாந் நல்ல பெடியன்தான், ஆனா தாயிட்டத் தண்ணி கேக்கவே ரெண்டுதரம் யோசிப்பான். அப்ப மாசாமாசம் வித்தியா கலண்டரில நாள் எண்ணுறதுதான். இன்னொரு பிள்ளை தரிச்சா இந்த வேலையும் போய், படிச்சுக்கொண்டிருக்கிற பின்னேர வகுப்பும் போய், எல்லாம் போச்சு.

இதை அண்ணைக்கு எப்பிடிச் சொல்லுறது? தமிழில சொல்ல வெக்கம். அதால பிரெஞ்சில சொன்னா! அண்ணையும் பிரெஞ்சிலயே மறுமொழி சொன்னவர். ரெண்டு யாழ்ப்பாணத்து ஆக்கள் பெட்டிக்கு நடுவில நிண்டு, ஆளையாள் பாக்காம, அரைகுறைப் பிரெஞ்சில கதைக்கினம். பக்கத்தில நிண்ட கெயிட்டிக்காரப் பெடியன் சண்டையெண்டு நினைச்சு விலக்குப் பிடிக்க ஓடி வந்தவன்.

அண்ணை வீட்ட போய் ஃபோனில லூப்பின்ர படத்தைப் பாத்திட்டு, ஃபோனைக் கவிட்டு வைச்சு, விளக்கேத்திக் கும்பிட்டவராம். அடுத்த நாள் வந்து தமிழில சொன்னார்:

"பிள்ளை, நான் கேக்கிறன். உம்மட பேர் வெளிய வராது."

மற்றப் பொம்பிளையளிட்டயும் கேட்டுப் பாத்தவர். எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொன்னவை: "எனக்கு வேண்டாம் அண்ணை. ஆனா ஆருக்கும் தேவைப்படும், போட்டு விடுங்கோ." அப்ப அண்ணை போட்டார். கோரிக்கை எல்லாத்தையும் சாப்பாட்டு அறைச் சுவரில ஒட்டேக்க, கேட்ட ஆளின்ர பேரும் போடோணும் எண்டு ஒரு முறை. "செம்பு லூப்புக்கு முழுக் காசு. கேட்டவர்: உருத்திரமூர்த்தி."

ஐயோ, அண்டு மத்தியானம்!

ஃபோர்க்லிஃப்ட் ஓடுற எமிலியானுஸ் சுவரைப் பாத்திட்டு ரொட்டியை வாயில வைச்சபடியே சத்தம் போட்டான்: "அண்ணை, உங்களுக்கு என்னத்துக்கு லூப்?"

அறை முழுக்கச் சிரிப்பு. "எனக்கில்லை" எண்டு சொன்னா அடுத்த கேள்வி "அப்ப ஆருக்கு?" தான். அவரோட நாள் முழுக்க நிக்கிறது ஒரே ஒரு ஆள். வித்தியா திறந்த சாப்பாட்டுப் பெட்டியைத் திரும்ப மூடினா. சிவநேசம் அக்கா தேத்தண்ணிக் கோப்பையோட மெல்லத் திரும்பி மருமகளைப் பாத்தா.

அண்ணை கோப்பையை வைச்சார். "ஏன், எனக்கெண்டா என்ன?"

பேந்து சிவநேசம் அக்கா ரெண்டு கையையும் கன்னத்தில வைச்சுக் கத்தினா: "அண்ணை! கலியாணமே! லூப் வேணுமெண்டா பொம்பிளைக்கு வயசு நாற்பதுக்குள்ளயெல்லோ இருக்கும்!"

அண்ணை ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. அவர் பஸ்ஸால இறங்க முந்தியே கதை பார்க் எக்ஸ்டென்ஷனுக்குப் போய்ச் சேர்ந்திட்டுது. சலூன்காரன் கேக்காமலே தலைக்குக் கறுப்பு மை அடிச்சு விட்டான். கோயிலில ஐயர் பொருத்தம் பாக்க நட்சத்திரம் கேட்டார். கர்க்லாண்டில இருந்து மகள் அஜந்தா ஃபோன் எடுத்து அழுதா: "அப்பா, எனக்குச் சொல்லாமலோ?" மகளுக்காவது உண்மையைச் சொல்லலாம்தானே? ஆனா அஜந்தாவும் சிவநேசம் அக்காவும் ஒரே வட்ஸப் குறூப். "பேந்து சொல்லுறன் பிள்ளை" எண்டு வைச்சிட்டார். இதை எழுதேக்க எனக்கு இப்பவும் கண் கலங்குது, உண்மையா.

வித்தியா வந்து பிரெஞ்சில கெஞ்சினா, விடுங்கோ அண்ணை, எனக்கு வேண்டாம் எண்டு. அண்ணை தமிழில சொன்னார்: "தலைக்கு மை அடிச்சாச்சு பிள்ளை. இனி விடேலாது."

கூட்டம் வந்தது. யூனியன் ஒபீசில இருந்து மரி-ஈவ் எண்டு ஒரு பிரெஞ்சுப் பொம்பிளை வந்து நடத்தினா. கோரிக்கை கூடிப்போச்சு, ஒண்டைக் கழிக்கோணும் எண்டா. எமிலியானுஸ் உடன எழும்பி, "லூப்பை எடுங்கோ, ஃப்ரீசர் அறைக்குக் கேட்ட குளிர்ச் சப்பாத்து இருக்கட்டும்" எண்டான். கை தூக்கித்தான் வாக்கு. ஆரும் ஒரு ஆள் கேட்டா ரகசிய வாக்கு வைக்கலாம் எண்டு மரி-ஈவ் ரெண்டு மூண்டுதரம் சொன்னா. ஆர் கேப்பினம்? கேட்டா, லூப் தனக்கு எண்டு ஒத்துக்கொண்ட மாதிரியெல்லோ! பொம்பிளையள் எல்லாரும் நிலத்தைப் பாத்துக்கொண்டிருந்தவை.

அண்ணை எழும்பினார். புதுக் கறுப்புத் தலை, இஸ்திரி போட்ட சேட்டு. "நான்... எனக்கு இது தேவை," எண்டார். "எனக்காகக் கை தூக்குங்கோ."

எமிலியானுஸ் சிரிக்கத் துடங்கினான். சிவநேசம் அக்கா அவனைத் திரும்பிப் பாத்தா. "வாயை மூடடா! அந்தாள் இவ்வளவு காலமும் தனியச் சமைச்சுச் சாப்பிடுது. உனக்குச் சப்பாத்துக் கேக்குதோ?" எண்டு சொல்லிப்போட்டு, முதல் கை அவதான் தூக்கினா!

பிறகென்ன, எல்லாக் கையும் மேல போச்சு. எல்லாரும் அண்ணைக்காகவாம்! ஒருத்தருக்கும் தங்களுக்கு வேண்டாம், பாவம் மாப்பிள்ளைக்குத்தானாம்! வித்தியாவும் தூக்கினா, மாமிக்குப் பக்கத்திலயே. மரி-ஈவ் இது என்ன அதிசயம் எண்டு வாயைப் பிளந்துகொண்டு எண்ணினா. கடைசியில எமிலியானுஸும் தூக்கினவன்.

கொம்பனியோட கதைக்கேக்க மனேஜர் அந்த வரியை வாசிச்சு, சிவந்துபோய், அண்ணையைப் பாத்து, கறுப்புத் தலையைப் பாத்து, "ஃபெலிசிற்றாசியோன்" எண்டு கலியாண வாழ்த்துச் சொல்லிப்போட்டு ஒத்துக்கொண்டாராம். வித்தியா ஒரு பின்னேரம் மருந்துக்கடையில இன்சூரன்ஸ் காட்டைக் குடுத்தா, காசு கேக்கேல்லை. கிளினிக்குக்குப் போய் வந்து, அடுத்த நாள் பெட்டி ஒட்டேக்க "அண்ணை, முடிஞ்சுது" எண்டு தமிழிலயே சொன்னா.

இப்ப ஏன் பேரோட எழுதலாம் எண்டா, வித்தியா தன்ர வாயாலயே மாமிக்குச் சொல்லிப்போட்டா. பின்னேர வகுப்பு முடிச்சு சேட்டிபிக்கற் வந்த அண்டு, அதைக் கையில வைச்சுக்கொண்டு எல்லாத்தையும் சொன்னா, லூப், கூட்டம், எல்லாம். பிரசாந் குசினிக்குள்ள ஒளிச்சிட்டான். சிவநேசம் அக்கா ஒரு கிழமை வாய் திறக்கேல்லை. முருகனோட மட்டும் கதைச்சாவாம். பேந்து ஒருநாள் காலமை, காரில வேலைக்கு வரேக்க, மருமகளைப் பாத்து முதல் வார்த்தை கேட்டா:

"அப்ப, அண்ணைக்குப் பொம்பிளை இல்லையோ?"

"இல்லை மாமி."

"நான் கலியாணத்துக்குச் சீலை வாங்கிப்போட்டனடி! இந்தாளை இப்பிடி விடேலாது."

அண்டு துடங்கி அவ லைனில நிண்டபடியே அண்ணைக்குப் பொம்பிளைப் படம் காட்டிக்கொண்டு திரியிறா. அண்ணை இப்ப மத்தியானச் சாப்பாட்டை ஃப்ரீசர் அறைக்குள்ள நிண்டு சாப்பிடுறார்.