தண்ணீர் இல்லாத பாரிஸ்

எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த பாரிஸ் நகரத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் சொட்டுத் தண்ணீர் இல்லை. அந்தத் தண்ணீரை ஒளித்து வைத்த மூன்று பேரில் நானும் ஒருத்தி.

அப்போது எனக்கு எட்டு வயது. காரைக்காலை ஒட்டிய மண்டபத்தூரில், சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். ஒரு கூடம், ஒரு சமையலறை, கொல்லையில் ஒரு குழாய். பழைய வீடு கடலுக்குப் பக்கத்தில் இருந்தது. அலை வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவும் நானும் அரையாண்டு லீவுக்காக அம்மாவின் ஊருக்குப் போயிருந்தோம். அப்பா போட்டில் ஆழக்கடலில் இருந்தார். வீட்டில் இருந்தது இரண்டே பேர்: அப்பாவின் தங்கையான அத்தை, கடைசித் தம்பியான சித்தப்பா. தண்ணீர் நேராக வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தது என்று அத்தை ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறாள். அத்தை ஒரு தென்னை மரத்தில் சிக்கிப் பிழைத்தாள். சித்தப்பா பிழைக்கவில்லை. ஆழத்தில் அலை தெரியாதாம். போட்டு லேசாக ஒரு முறை தூக்கிப் போட்டது மட்டும்தான் அப்பாவுக்கு ஞாபகம்.

அதன் பிறகு அத்தை கடலைப் பார்க்கவில்லை. கோயிலுக்குப் போனாலும் கரைப்பக்கம் வராமல் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போவாள். அப்பா மட்டும் ஒரு மாதம் கழித்துக் கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டார். ஊரே அத்தைக்காக உச்சுக் கொட்டியது. அப்பாவைப் பார்த்து யாரும் உச்சுக் கொட்டவில்லை. வலையும் கையுமாக நடமாடுகிற மனிதரைப் பார்த்து யார்தான் பரிதாபப்படுவார்கள்?

அத்தைக்குக் காரைக்காலில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா பழைய சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் குடும்பம் முழுக்க பிரெஞ்சுக் குடியுரிமை. மாப்பிள்ளை பாரிஸில் ஏதோ சாமான் கிடங்கில் வேலை பார்த்தார். பெண் பார்க்க வந்த இடத்தில், உனக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்று அத்தையைக் கேட்டார்கள். அத்தை தலையைத் தூக்கி ஒரே கேள்விதான் கேட்டாள்.

“அந்த ஊர்ல கடல் இருக்குதுங்களா?”

“கடலா? ரயில்ல போனா ரெண்டு மூணு மணி நேரம் ஆவும்ங்க” என்றார் மாப்பிள்ளை.

அத்தை சம்மதம் சொல்லிவிட்டாள். சம்பளம், வீடு, குளிர் எதையும் கேட்கவில்லை. அன்றைக்கே அத்தைக்கு அந்த ஊரைப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளையைப் பிடிக்கக் கொஞ்ச நாள் ஆனது என்று பின்னால் அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டு மாமா ஒரு மாதத்தில் திரும்பிப் போனார். அத்தைக்குப் பேப்பர் வர வேண்டும். எங்கள் பக்கத்தில் பேப்பர் வரவேண்டும் என்றால் அது பிரான்சுக்குப் போகிற பேப்பர்தான். அதுவரை அத்தை காரைக்காலுக்கு பஸ் ஏறிப்போய் பிரெஞ்சு படித்தாள்.

ஒரு நாள் அத்தை வகுப்புக்குப் போயிருந்தபோது, ஊருக்கு வந்த யாரோ ஒருவர் வழியாக மாமா ஒரு நீள அட்டைக் குழலைக் கொடுத்தனுப்பியிருந்தார். அப்பா அதை உடைத்தார். உள்ளே எட்டுப் பெரிய தாள்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் நம்பர் போட்டிருந்தது. கூடத்துத் தரையில் மேலே நாலு, கீழே நாலு என்று நம்பர்படி பரப்பி வைத்தோம். அது சுவர் முழுக்க ஒட்டுகிற சீனரி.

நான் அதுவரை பார்த்திருந்த பெரிய ஊர் காரைக்கால். மாங்கனித் திருவிழாக் கூட்டத்தைவிடப் பெரிதாக உலகத்தில் எதுவும் இருக்க முடியாது என்று நினைத்திருந்தேன். என் காலடியில் அன்று ஒரு ஊர் கிடந்தது. சாம்பல் நிறக் கூரைகள், அதற்குப் பின்னால் கூரைகள், அதற்கும் பின்னால் கூரைகள். ஒவ்வொன்றிலும் ஜன்னல்கள். தங்கப் பூச்சுப் பூசிய ஒரு கோபுரம். எல்லாவற்றுக்கும் மேலே அந்த இரும்புக் கோபுரம். மிதித்துவிடுவேனோ என்று பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். மூச்சு விட்டால்கூட அங்கே இருக்கிறவர்களுக்குக் காற்றடிக்கும் என்று தோன்றியது.

அப்பா கூரைகளைப் பார்க்கவில்லை. கீழ் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாலு தாளும் தண்ணீர். அகலமான, பச்சைத் தண்ணீர்.

“இத ஒட்ட வாணாம்” என்றார்.

“ஆறுதானங்க. கடலா?” என்றாள் அம்மா.

“தண்ணிதான? தங்கச்சி கேட்டது ஒரே ஒரு கேள்வி. இதப் பாத்தா பயந்துருவா. போவ மாட்டேன்னு உக்காந்துட்டா என்னா பண்றது?”

அம்மா அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போய் மைதா மாவு காய்ச்சினாள். பூச்சி வராமல் இருக்க அதில் துளி மயில்துத்தம் போட்டாள். வாசலுக்கு நேர் எதிரே இருந்த சுவரில் மேல் நாலு தாள்களை மட்டும் ஒட்டினோம். கீழ் நாலையும் சுருட்டிப் பழைய வேட்டியில் கட்டி, அப்பா பரணில் போட்டார். என்னைக் கூப்பிட்டு, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சாமி சத்தியம் வாங்கிக்கொண்டார். ஒரு பெரிய காரியத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டார்களே என்ற பெருமை எனக்குத் தாங்கவில்லை.

ஆற்றை எடுத்தாயிற்று. ஆனால் பாலம் இருந்தது. படத்தின் அடியில் ஒரு கல்பாலம், விளக்குத் தூண்களும் சிலைகளுமாக, கால்கள் இல்லாமல் நின்றது. கடலில் பிறந்து வளர்ந்த மூன்று பேர் இதை யோசிக்கவில்லை. சாயங்காலம் அத்தை வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றுவிட்டாள். கண் விரிய விரியப் பார்த்தாள். அப்புறம் கிட்டே போய்ப் பாலத்தின் மேல் விரலை வைத்து, “இது என்னாண்ணே?” என்றாள்.

அப்பா அசரவில்லை. “ரோட்டு மேல ரோடு போவுதுல்ல, மெட்ராஸ்ல இருக்கறமாரி. அது.”

“ஓ” என்றாள் அத்தை. “ரொம்ப அழகா இருக்கு.”

அன்று அத்தை சிரித்தாள். வீடு மாறி வந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான் என்று இப்போது எண்ணிப் பார்க்கையில் தெரிகிறது. அதுவரை அந்தக் கூடத்தில் ஒரு காலண்டரும், பள்ளிக்கூட அடையாள அட்டையில் இருந்து பெரிதாக்கிய சித்தப்பாவின் படமும்தான் மாட்டியிருந்தன. திடீரென்று அது ஒரு தலைநகரத்தின் எதிர்வீடு ஆகிவிட்டது.

ஊர் திரண்டு வந்து பார்த்தது. அப்பாவோடு போட்டில் போகிற ஒருவர் இரும்புக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, “இத மட்டும் நம்ம கரையில நட்டா எங்கேருந்தாலும் கண்ண மூடிக்கிட்டு கரை புடிச்சிரலாம்டா” என்றார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய ஊர்க்காரர்கள் அதை ஏன் கடற்கரையில் கட்டாமல் வீணடித்தார்கள் என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானும் அத்தையும் அந்தச் சுவருக்கு எதிரே உட்காருவோம். அத்தை தினம் ஒரு ஜன்னலைக் காட்டி, “இதான் எங்க வீடு” என்பாள். அடுத்த நாள் வீடு மாறிவிடும். வாடகைக்குப் போகிறவர்கள் அப்படித்தான் என்பாள். ஜன்னல்களை எண்ணத் தொடங்கினேன். முன்னூறைத் தாண்டும்போதெல்லாம் கண் மங்கி, விட்ட இடம் மறந்துபோகும். இத்தனை ஜன்னலுக்குள்ளும் ஆட்கள் இருப்பார்களா, அவர்கள் எல்லோரும் இப்போது சாப்பிட்டுக்கொண்டிருப்பார்களா என்று நினைத்தால் மயிர்க்கூச்செறியும். அவர்களில் ஒருத்தியாக அத்தை ஆகப் போகிறாள் என்பதை மட்டும் என்னால் நம்பவே முடியவில்லை.

வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து நான் பரணில் ஏறுவேன். வேட்டியைப் பிரித்து, தாளின் ஓரத்தை மட்டும் விலக்கிப் பார்ப்பேன். தண்ணீர் அங்கே அப்படியே இருக்கும். அதில் அலையே இல்லை. பாலத்தின் கால்கள் தலைகீழாகத் தெரிகிற அளவுக்கு அசையாத தண்ணீர். இதுபோல ஒரு தண்ணீர் யாரையும் ஒன்றும் செய்யாது என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. ஆனாலும் அத்தை பார்த்துவிட்டால் பாரிஸ் போகமாட்டாள், பேப்பர் வீணாகிவிடும், எல்லாம் என்னால்தான் என்று ஆகிவிடும். அவசரமாகச் சுருட்டிக் கட்டிவிட்டு இறங்கிவிடுவேன். அத்தைக்கு முன்னால் பாலத்தை மட்டும் நிமிர்ந்து பார்க்க மாட்டேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து பேப்பர் வந்தது. மறுநாள் கிளம்ப வேண்டும். அன்று மத்தியானம் அப்பா ஐஸும் டீசலும் எடுக்கப் போயிருந்தார். அம்மா அத்தைக்குப் பொடி வகைகள் அரைக்க மில்லுக்குப் போயிருந்தாள். அத்தை அடுப்பில் ஏதோ கிளறிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். மைதாப் பசை.

“பரண்ல இருக்கறத எடு” என்றாள்.

பரண் பக்கம் பார்க்காமல் கேட்டேன். “என்னாத்த?”

“மிச்ச ஊர.”

“ஒனக்கு எப்புடித் தெரியும்?”

அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “பாலம் இருக்குதேடி.”

முதல் நாளிலிருந்தே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நாங்கள் மூன்று பேர் கட்டிக்காத்த ரகசியத்தை அவள் அத்தனை மாதமும் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாகவும் நிம்மதியாகவும் இருந்தது. பரணில் ஏறி எடுத்துக் கொடுத்தேன். சுவரோடு கிடந்த பெஞ்சை இருவரும் இழுத்துப் போட்டோம். ஒவ்வொரு தாளாக அத்தை ஒட்டினாள். பாலத்துக்குக் கால் வந்தது. கால்களைச் சுற்றித் தண்ணீர் வந்தது. கடைசித் தாள் ஒட்டி முடிந்தபோது அந்த நகரம் தரை வரைக்கும் இறங்கி வந்து நின்றது. நான் மேலே இருந்த பாதியைத்தான் ஒரு வருஷமாக வியந்துகொண்டிருந்தேன். முழுதாகப் பார்க்க வாசல்வரை பின்னால் நகர்ந்தேன். ஜன்னல்கள் எல்லாம் தண்ணீரில் இரண்டு மடங்காகியிருந்தன. இனி ஜென்மத்துக்கும் எண்ணி முடிக்க முடியாது.

அத்தை ஈரக்கையைத் தண்ணீரின் மேல் பதித்தபடி நின்றாள்.

“பயமா இல்லையா அத்த?”

“எனக்கு இல்ல” என்றாள். பிறகு பசைச் சட்டியைக் கழுவப் போய்விட்டாள்.

அம்மா வந்து பார்த்தாள். பொடிப் பைகளைச் சமையலறைக்குக் கொண்டுபோனாள். சாயங்காலம் அப்பா வந்தார். வாசல்படியில் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றார். திறந்த கதவுக்கு நேரே, தரையோடு தரையாகத் தண்ணீர். அத்தை கூடத்தின் நடுவில் நின்று அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா காலை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் போய், கொல்லைக் குழாயில் கால் கழுவி, சமையலறை வழியாக உள்ளே வந்தார். அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

மறுநாள் அத்தை போய்விட்டாள். கார் ஏறுவதற்கு முன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “சீனரியக் கிழிச்சிராதண்ணே” என்று மட்டும் சொன்னாள். அப்பா தலையை ஆட்டினார்.

கிழிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அப்பா வாசல் வழியாக வீட்டுக்குள் வரவே இல்லை. பிடித்த மீனோடு வந்தாலும், சும்மா வந்தாலும், மழையில் நனைந்து வந்தாலும் கொல்லை வழிதான். தாள்களின் இணைப்பு அரை விரலுக்கு விலகியிருந்தது. அத்தை சரியாக ஒட்டவில்லை என்று அப்பாவுக்குக் கோபம் என நினைத்தேன். அம்மாவிடம் கேட்டால், “அவங்களுக்கு அந்தப் பக்கந்தான் சௌகரியம், விடு” என்பாள். தினமும் விடியற்காலையில் எழுந்து கடல் மேலேயே போகிற மனிதர், சுவரில் இருக்கிற தண்ணீருக்கு ஒதுங்கிப் போவார் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

அத்தை ஞாயிறுதோறும் போன் பண்ணுவாள். ஊரைப் பற்றி நான் கேட்டுத் துளைப்பேன். பாலம் நிஜமாகவே இருக்கிறது, அதில் நடந்தேன் என்றாள். கோபுரம் சாயங்காலத்தில் மின்னுகிறது என்றாள். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, ஒவ்வொரு வாரமும் மறக்காமல் ஒன்று கேட்பாள்.

“அப்பா எந்தப் பக்கமா வர்றாங்க?”

“கொல்லப்பக்கமா.”

“சரி.”

அவ்வளவுதான். பாரிஸில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் கேட்கிறாள் என்று எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

அத்தை போன இரண்டாவது வருஷம் தை மாதத்தில், ஒரு பகல் நேரம். கூடத்துத் தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். வெளிச்சம் மறைந்தது. நிமிர்ந்தேன். அப்பா வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார். பிறகு படியேறி உள்ளே வந்தார். நேராகச் சுவர்வரை போய்க் குந்தி உட்கார்ந்து, ஒரு மூலையைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

“ஓரம் பிரியுது பாரு. அம்மாட்ட பசை காய்ச்சச் சொல்லு.”

பசை வந்தது. தண்ணீரின் ஓரத்தை அப்பா ஒவ்வொரு விரலாக அழுத்தி அழுத்தி ஒட்டினார். ஒட்டி முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. நான் கணக்குப் போட்டு முடிக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். அம்மா சமையலறை வாசலில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். பசை நாற்றம் அவளுக்கு ஆகவில்லை போலிருக்கிறது என்று நான் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை கேட்டாள். “அப்பா எந்தப் பக்கமா வர்றாங்க?”

“வாசப்பக்கமா.”

மறுமுனையில் சத்தமே இல்லை. “அத்த, அத்த” என்று இரண்டு மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்தேன். அத்தையின் போன் கார்டு தீர்ந்து லைன் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, நான் போனை வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டேன்.